இஷாபூர் இரும்பும் எங்கள் ஊர் உருக்கும்

திருப்பூர், காங்கேயம், தாராபுரம் வட்டாரத்தில் யாராவது ஒரு பழைய பயனெட்டைக் கொண்டுவந்து காட்டினால், சுற்றியிருக்கும் துணியை அவிழ்க்கும் முன்பே அது எங்கே செய்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பன்னிரண்டு அங்குல அலகு. இரண்டு திருகாணி போட்ட மரப்பிடி. பிடியின் கோடியில் துப்பாக்கியோடு மாட்டுவதற்கான காடி, அதன் பக்கத்தில் அழுத்தினால் விடும் பொத்தான். கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கும் இஷாபூர் ரைபிள் பாக்டரியில், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அடித்த சரக்கு.

அதன் கதை அலகின் அடியில், பிடிக்கு மேலே ஒரு கட்டை விரல் அகலத்தில் எழுதியிருக்கும். ஒரு பக்கம் கிரீடமும் ‘ஜி.ஆர்.ஐ.’ என்ற எழுத்துகளும், இந்தியப் பேரரசராகவும் இருந்த ஜார்ஜ் மன்னரின் முத்திரை. அதற்குக் கீழே மாதிரி எண், ‘ஆர்.எஃப்.ஐ.’ என்று ஆலையின் பெயர், வருஷம். மறுபக்கம் அரசாங்கச் சொத்து என்று காட்டும் அம்புக்குறி, சோதித்தவரின் குறி, சில கத்திகளில் பெருக்கல் குறி மாதிரி ஓர் எக்ஸ். அலகை வளைத்துப் பார்த்து, பழையபடி நேராக நிமிர்ந்தது என்பதற்கான சாட்சி அந்த எக்ஸ். பிடிக்கோடியின் இரும்பின் மேல் சில சமயம் படைப்பிரிவின் எழுத்தும் கொட்டடி எண்ணும் இருக்கும். ஒரு சாமானியச் சிப்பாயின் இடுப்பில் தொங்கிய இரும்பு எங்கே பிறந்தது, எப்போது பிறந்தது, யார் கையில் சோதனைக்கு நின்றது என்று இவ்வளவு விவரமாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

நான் நிட்டிங் மிஷின் பிட்டர். வட்ட மிஷினின் சிலிண்டரில் ஆயிரக்கணக்கான ஊசிகள் நிற்கும்; அதில் ஒன்றின் கொக்கி தேய்ந்தால்கூடத் துணி முழுக்க நெடுகக் கோடு விழும். அந்த ஒன்றைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவதுதான் என் வயிற்றுப்பாடு. தேய்ந்த இரும்பு, உடைந்த இரும்பு, வாட்டம் சரியில்லாத இரும்பு எல்லாம் கண்ணில் பட்ட மாத்திரத்தில் தெரியும். பழைய இரும்புக் கடையில் கியரும் கேமும் தேடப் போன இடத்தில்தான் பயனெட் என் கண்ணில் பட்டது. பிறகு அந்தத் தேடல் தனியாகவே வளர்ந்துவிட்டது. என்னிடம் இருப்பது பெரும்பாலும் கத்தி இல்லை, நோட்டுப்புத்தகம். முத்திரைகளின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சுகள், அளவுகள், எந்த ஊரில் யாருடைய என்ன வேலைக்கு இருந்தது என்ற குறிப்புகள். கத்தியைவிடக் குறிப்பு பெரிது என்பதை ஏன் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

இந்தப் பன்னிரண்டு அங்குலக் கத்திக்கு ஒரு மூதாதை உண்டு. 1907ஆம் வருஷ மாதிரி என்று பெயர். லீ என்ஃபீல்டு 303 ரைபிளுக்காகச் செய்தது. அதன் அலகு 17 அங்குலம், அதாவது 43 சென்டிமீட்டர். ஜப்பான்காரர்களின் அரிசாகா ரைபிள் பயனெட்டைப் பார்த்துத்தான் இங்கிலாந்து அந்த நீளத்துக்குப் போனது. முதலில் பிடிக்காப்பில் கொக்கி மாதிரி வளைந்த ஒரு நாக்கு இருந்தது. எதிரியின் அலகைச் சிக்கவைத்து முறுக்க என்று வைத்தார்கள். 1913இல் அதை விட்டுவிட்டார்கள். ஏற்கெனவே இருந்த கத்திகளிலும் பெரும்பாலும் அறுத்து எடுத்துவிட்டதால், கொக்கியோடு தப்பியது இன்று உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்களுக்குப் பொக்கிஷம். 1916 முதல் பிடியின் கோடியில் அழுக்கும் எண்ணெயும் வெளியேற ஒரு சிறு துளை போட்டார்கள். துளையும் கொக்கியும் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தாலே பாதிக் காலக்கணக்கு தீர்ந்தது.

இரண்டாம் போரில் 17 அங்குலம் அதிகப்படி என்று முடிவாயிற்று. இந்தியாவில் இருந்த நீளக் கத்திகளை 12 அங்குலமாக வெட்டினார்கள். புதிதாகவும் அதே நீளத்தில் அடித்தார்கள். இரண்டையும் பிரித்தறிய அலகின் பக்கவாட்டுப் பள்ளத்தைப் பார்க்க வேண்டும். ரத்தம் வடிவதற்கான பள்ளம் என்று சொல்வார்கள். உண்மையில் அது அலகின் விறைப்பு குறையாமல் எடையைக் குறைப்பதற்கானது. வெட்டிய கத்தியில் அந்தப் பள்ளம் கிட்டத்தட்ட நுனிவரை ஓடும், ஏனென்றால் அது ஒரு காலத்தில் நீளமாக இருந்த அலகின் பள்ளம். புதிதாக அடித்ததில் பள்ளம் பாதியிலேயே நின்றுவிடும், அல்லது பள்ளமே இருக்காது. போர் முற்ற முற்ற வேலை எளிமையாகிக்கொண்டே போனது. விளிம்புகள் சதுரமாயின, மெருகு போயிற்று. இஷாபூரால் மட்டும் முடியாமல் லாகூர் ரயில்வே பட்டறை வரைக்கும் வேலையைப் பகிர்ந்து கொடுத்தார்கள்.

காங்கேயம் பக்கம் ஒரு கொப்பரைக் களத்தில் நான் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வெயிலில் காய்ந்த தேங்காய் மூடியிலிருந்து பருப்பை நெம்பி எடுக்க ஓர் அம்மா அதை வைத்திருந்தார். கூர்நுனியைச் சாணைக்கல்லில் தேய்த்து உளிவாய் மாதிரி ஆக்கியிருந்தது. மரப்பிடி போன இடத்தில் சைக்கிள் ட்யூப்பை இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். எண்ணெய் ஊறி ஊறி அலகு கறுத்துப் பளபளத்தது, துரு என்பது மருந்துக்கும் இல்லை. “ஏனுங்க, இதையா இப்படிப் பாக்கறீங்க? மாமனார் காலத்துச் சாமானுங்க. பட்டாளத்து டிஸ்போசல் ஏலத்துல எடுத்தாராம். இதாட்டம் நெம்பறதுக்கு வேறொண்ணு வாய்க்காதுங்க” என்றார் அந்த அம்மா. பிடிக்கு மேலே விரலால் துடைத்துப் பார்த்தேன். கிரீடம் பாதி, ஆர்.எஃப்.ஐ. முழுசாக, 43 என்ற வருஷம். பென்சில் அச்சு எடுத்துக்கொண்டு கத்தியை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். அது இருக்க வேண்டிய இடம் அந்தக் களம்தான்.

இப்படியே ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு வந்தபோது ஒரு கேள்வி வந்து உட்கார்ந்தது, பிறகு எழுந்திருக்கவே இல்லை. இந்த வட்டாரத்தில் எனக்குக் கிடைப்பதெல்லாம் ஏன் அரசாங்கத்தின் இரும்பாகவே இருக்கிறது? இஷாபூர் கிடைக்கிறது. எப்போதாவது இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் சாண்டர்சன் நிறுவனம் அடித்த 1907 மாதிரி கிடைக்கிறது. கொங்குக் கொல்லன் அடித்த ஒரு குத்துவாள், ஒரு கட்டாரி, ஒரு ஈட்டிமுனை ஏன் கிடைப்பதில்லை? இரும்பு இல்லாத ஊரா இது?

திருப்பூரிலிருந்து நொய்யலோடு கிழக்கே போனால் கொடுமணல். இன்று ஈரோடு மாவட்டத்தில் சேர்ந்த சிறிய ஊர். பதிற்றுப்பத்துக் காலத்துப் புலவர்களுக்குத் தெரிந்த பெயர். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகமும் மற்றவர்களும், பிறகு பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் புதுவைப் பல்கலைக்கழகமும், அண்மையில் தமிழகத் தொல்லியல் துறையும் அங்கே தோண்டினார்கள். மணி அறுத்த பட்டறைகளும் தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் பெரிய பேச்சாயின. இரும்புக்காரனாகிய எனக்கு அங்கே பெரிது உலைகள்தான். இரும்பு உருக்கிய உலை, கசடுக் குவியல், மூசையில் வைத்து உருக்குச் செய்ததற்கான தடயம், புதைகுழிகளில் வாளும் அம்புமுனையும். கச்சா இரும்பு சென்னிமலையிலிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். மலை அங்கிருந்து பார்த்தாலே தெரிகிற தூரம்.

மூசை உருக்கு இந்தத் தென்னாட்டின் பெருமைகளில் ஒன்று. தேனிரும்பைக் கரித்துண்டோடும் இலைதழையோடும் களிமண் மூசைக்குள் அடைத்து மூடி, மணிக்கணக்கில் ஊதி உருக்கி, மெதுவாக ஆறவிட்டால் கரிச்சத்து கூடிய கட்டி கிடைக்கும். ஐரோப்பியர் ஊட்ஸ் என்று அழைத்தது இதைத்தான். லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1819இல் இதன் துண்டுகளைச் சோதித்தார்; மின்சாரத்தில் பேர் வாங்குவதற்கு முன்னால் அந்த மேதை சில வருஷம் நம் உருக்கின் ரகசியத்தைத் தேடிக்கொண்டிருந்தார். சேலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிக ரெசிடெண்டாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியவர், இங்கிலாந்து திரும்பி 1839இல் உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு உருக்கு மலிவானதிலும் தரம் உயர்ந்ததிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. சாண்டர்சன் முத்திரை போட்ட ஒரு பயனெட்டைக் கையில் பிடிக்கும்போது எனக்கு ஹீத்தின் ஞாபகம் வராமல் இருக்காது.

ஆக, இரும்பும் இருந்தது, கொல்லனும் இருந்தான். ஆயுதம் எங்கே போயிற்று?

முதலில், பயனெட் இந்த வட்டாரத்துக்குள் எப்படி வந்தது என்று பார்ப்போம். பிரான்சில் பயோன் என்ற ஊரின் பெயரால் வந்த இந்தக் கத்தி, பதினேழாம் நூற்றாண்டில் துப்பாக்கிக் குழாயின் வாயில் தக்கை மாதிரி செருகுவதாகத்தான் தொடங்கியது. செருகிவிட்டால் சுட முடியாது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் குழாயின் மேல் வளையமாக மாட்டும் குழல் பயனெட் வந்தது. வளையத்திலிருந்து அலகு ஒரு முழங்கை மடிப்போடு பக்கவாட்டில் விலகி நீளும். அதனால் மாட்டியபடியே மருந்து இடிக்கலாம், சுடலாம். அலகு முக்கோணம், வெட்டாது, குத்தும். கிழக்கிந்தியக் கம்பெனி தன் சிப்பாய்களுக்கென்று வாங்கிய ‘இந்தியா மாதிரி’ மஸ்கெட்டில் இதுவே 17 அங்குல நீளம். பிரெஞ்சுப் போரில் ஆயுதம் போதாமல் தவித்த இங்கிலாந்து ராணுவம் 1790களில் கம்பெனியின் அந்த மாதிரியையே தனக்கும் எடுத்துக்கொண்டது. சிப்பாயைச் சுடவும் வைத்து, வேல்காரனாகவும் ஆக்கிய பொருள் அது. குதிரைப்படையை எதிர்த்து நிற்கத் தனியாக ஈட்டிக்காரர்கள் தேவைப்படாமல் போனார்கள்.

இந்த வட்டாரத்துக்குள் அது கம்பெனிப் படையோடு வந்தது. 1783 ஜூனில் கர்னல் ஃபுல்லார்ட்டன் திப்புவின் ஆட்கள் வசம் இருந்த தாராபுரத்தைப் பிடித்தார். சமாதானத்தில் அது திரும்பிப் போயிற்று. 1790இல் ஜெனரல் மெடோஸ் கரூர், தாராபுரம், கோவை என்று மறுபடி வந்தார். அதே வருஷம் திப்பு தாராபுரத்தை மீட்டார். அமராவதிக் கரையில் இன்று பஸ் நிற்கும் அந்த ஊர் பத்து வருஷத்துக்குள் எத்தனை தடவை கைமாறியது என்று பார்த்தால், பயனெட் அங்கே அறிமுகமானது எப்படி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1799இல் திப்பு விழுந்தார், கோவை மாவட்டம் கம்பெனிக்கு வந்தது. அந்த வருஷம் அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட மேஜர் பானர்மேன், சில நாளிலேயே பாளையங்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று ஆணை போட்டார். 1800 ஜூன் 3ஆம் தேதி விருப்பாட்சி கோபால நாயக்கரும் கூட்டாளிகளும் கோவையில் இருந்த கம்பெனிப் படையைத் தாக்கப் போட்ட திட்டம் தோற்றது. பிடிபட்டவர்களைப் பல ஊர்களில் தூக்கிலிட்டார்கள். தாராபுரமும் அதில் ஒன்று. 1801 டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ், பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்யவும் பிரகடனம் வெளியிட்டார். மீறினால் மரண தண்டனை. அறச்சலூர் பக்கம் ஓடாநிலையில் கோட்டை கட்டி எதிர்த்து நின்ற தீரன் சின்னமலையை 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். ஓடாநிலைக் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள்.

அந்தப் போர்களில் இந்தப் பக்கத்து ஆயுதம் இளப்பமாக இருக்கவில்லை என்பதை எதிராளியே எழுதிவைத்திருக்கிறார். 1801இல் பாஞ்சாலங்குறிச்சி முற்றுகையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் தன் ராணுவ நினைவுகளைப் புத்தகமாக்கினார். பாளையக்காரர் படையின் நீண்ட ஈட்டிகளைப் பற்றியும், சின்ன மருது தனக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்தது பற்றியும் அதில் சொல்கிறார். கோட்டைச் சுவர் உடைந்த இடத்தில் பதினேழு அங்குல முக்கோண அலகும் ஆள் உயரத்தைத் தாண்டிய ஈட்டியும் எதிரெதிரே நின்றன. பிறகு வந்த வருஷங்களில் ஒன்று ஆலையிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்துகொண்டே இருந்தது. மற்றதை வைத்திருந்தால் உயிர் போகும்.

இதே காலத்தில்தான், 1800இன் பிற்பாதியில், டாக்டர் பிரான்சிஸ் புக்கானன் கம்பெனிக்காக மைசூர், கோவை, மலபார்ச் சீமைகளைச் சுற்றி, விவசாயம் நெசவு முதல் இரும்பு உருக்குவதுவரை எழுதிக்கொண்டு போனார். பட்டறை எப்படி நடக்கிறது, கரிக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று கணக்கெடுத்த அந்த மனிதரின் புத்தகம் 1807இல் வந்தது. கொல்லனின் தொழில் முழுசாக அழியவில்லை, ஆயுதம் அடிப்பது போயிற்று. அவன் கொழுவும் மண்வெட்டியும் கொடுவாளும் அடித்தான். இன்றைக்கும் எங்கள் பக்கத்துக் கொல்லுப்பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடிக்கும் கொடுவாளின் வளைவும், முதுகின் கனமும், வாய்க்கு மட்டும் தண்ணீர் காட்டும் பக்குவமும் வேறு ஒரு காலத்தின் கைப்பழக்கம். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

தஞ்சாவூரில் நடந்ததை என்னால் மனம் ஆறாமல்தான் படிக்க முடிகிறது. கடைசி மராட்டிய அரசர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசில்லாமல் இறந்தார். கம்பெனி சமஸ்தானத்தை எடுத்துக்கொண்டது. அரண்மனை ஆயுதசாலையில் நாயக்கர் காலம் தொட்டுச் சேர்ந்தது மலைமலையாய்க் கிடந்தது. யாளிமுகமும் மயிலும் கிளியும் இரும்பிலேயே கடைந்து பிடி செய்த கட்டாரிகள், வாள்கள், அங்குசங்கள். கட்டாரிகள் பலவற்றின் அலகு ஐரோப்பிய வாளை ஒடித்து மாட்டியது. ஜெர்மனியின் சோலிங்கன் இரும்பும் தஞ்சைக் கொல்லனின் பிடியும் ஒன்றாகச் சேர்ந்த பொருள்கள். பொறுக்கி எடுத்த கொஞ்சம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. மிச்சத்தை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள்.

இதை நமக்கு எழுதிவைத்தவர் எம். ஜே. வால்ஹவுஸ் என்ற சென்னை மாகாண சிவில் அதிகாரி. ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் 1878இல் பழைய தஞ்சாவூர் ஆயுதசாலையைப் பற்றிக் கட்டுரை எழுதினார். இதே வால்ஹவுஸ்தான் எங்கள் கோவை மாவட்டத்துக் கல்வட்டங்களையும் புதைகுழிகளையும் தோண்டிப் பார்த்து 1875இல் லண்டனில் ஒரு கட்டுரை வெளியிட்டவர். மண்ணுக்கு அடியில் ரெண்டாயிரம் வருஷம் கிடந்த வேல்முனையையும் பார்த்தார், மண்ணுக்கு மேலே இருந்த ஆயுதம் கண்ணெதிரே இரும்பு விலைக்குப் போன கதையையும் எழுதினார். ராபர்ட் எல்குட் 2004இல் இந்துக்களின் ஆயுதங்களையும் சடங்குகளையும் பற்றி எழுதிய பெரிய நூலில் தஞ்சைப் பொருள்களே நடுநாயகம். தப்பிய துண்டுகளில் சில கடல் கடந்தும் இருக்கின்றன. ஜார்ஜ் ஸ்டோன் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் எழுதிவைத்த உயிலால் 1935இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் போனவற்றில் தஞ்சைக் கட்டாரிகள் உண்டு. பழைய ஆயுதம் சேர்க்கிற எவரும் எழும்பூருக்கு ஒரு நடை போய் அந்தக் கண்ணாடிப் பெட்டிகளின் முன் பொறுமையாக நிற்க வேண்டும். விற்றுப்போனது எவ்வளவு இருந்திருக்கும் என்பதை மிஞ்சியதின் வேலைப்பாடே சொல்லும்.

வால்ஹவுஸ் எழுதிய அதே 1878இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று இந்திய ஆயுதச் சட்டம். இன்னொன்று புதையல் சட்டம். முதலாவது, உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்றது. இரண்டாவது, மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. ஆயுதச் சட்டம் மக்கள் மனதில் எவ்வளவு ஆழமாகத் தைத்திருந்தது என்றால், 1930இல் காந்தி வைஸ்ராய்க்கு வைத்த பதினொரு கோரிக்கைகளில் தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் வேண்டும் என்பதும் ஒன்றாக இருந்தது. இரண்டு வருஷம் கழித்து 1932 ஜனவரியில் திருப்பூர்த் தெருவில் கையில் கொடியோடு மட்டும் போன குமரன், போலீஸ் தடியடியில் விழுந்து மறுநாள் இறந்தார்.

சட்டம் எப்படிச் சேகரிப்பையே தீர்மானிக்கிறது என்பதற்குக் குடகைவிட நல்ல சாட்சி வேண்டாம். நீலகிரிக்கு அந்தப்பக்கம் இருக்கும் குடகர்களுக்கு ஆங்கிலேயர் 1861இலேயே ஆயுதத் தடையிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். அதனால் வளைந்த ஒடிகத்தியும் இடுப்பில் செருகும் பீச்சேகத்தியும் இன்றும் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. கைல்போள்து திருவிழாவில் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். குடகில் இருந்ததும் கொங்கில் இல்லாததும் வீரத்தில் உள்ள வித்தியாசம் இல்லை, உரிமத்தில் உள்ள வித்தியாசம்.

எங்களுக்கு மிஞ்சிய ஆயுதசாலை இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று கோயில். கருப்பராயனுக்கும் முனியப்பனுக்கும் நேர்ந்து நட்ட வேலும் அரிவாளும் வரிசையாக நிற்கும் மேடைகளைப் பாருங்கள். பெரும்பாலும் புதியவை, பெயிண்ட் அடித்தவை. ஆனால் நடுவில் ஒன்றிரண்டு ஈட்டிமுனைகளின் அடியில் குழலைச் சுருட்டி ஒட்டியிருக்கும் விதம் பழையதாக இருக்கும், அந்த வேலை இப்போது யாருக்கும் வராது. சாமிக்கு நட்டதால்தான் அவை தப்பின. அவற்றைத் தொடவோ விலைபேசவோ கூடாது; எட்ட நின்று வரைந்துகொள்ளலாம், அதுவும் பூசாரியைக் கேட்டுக்கொண்டு.

இன்னொன்று கல். கொங்கு நாடெங்கும் வயல்மேட்டிலும் ஏரிக்கரையிலும் புலிகுத்திக் கற்கள் நிற்கின்றன. பட்டியைக் காக்கப் புலியோடு மோதி இறந்தவனுக்கு எடுத்தது. பாய்கிற புலி, எதிரே காலூன்றி நிற்கும் ஆள், அவன் கையில் ஈட்டி அல்லது குறுவாள். அலகு எவ்வளவு அகலம், பிடிக்கு மேல் காப்பு உண்டா, இடுப்பில் உறை எந்தப் பக்கம் என்று சிற்பி விட்டுவைக்கவில்லை. இரும்பு கிடைக்காத வட்டாரத்தில் இரும்பின் உருவத்தைக் கல்லில் படிக்கலாம். என் நோட்டுப்புத்தகத்தில் இஷாபூர் முத்திரைகள் ஒரு பக்கம் என்றால் இந்தக் குறுவாள்களின் வெளிவரை மறுபக்கம்.

இன்றைய சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இளைஞர்கள் சிலர் ஆர்வத்தில் சிக்கலை வாங்கிக்கொள்கிறார்கள். 1878 சட்டத்தின் இடத்தில் 1959 ஆயுதச் சட்டம் இருக்கிறது. அதன் 1962 விதிகளில் ஐந்தாம் வகைப் பட்டியலில் வாள், குத்துவாள், ஈட்டியோடு பயனெட்டும் பெயர் சொல்லியே இடம்பெற்றது. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டுக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ செய்தது இல்லையென்றால் அந்த வகையில் வரும். எந்தப் பகுதியில் இதற்கு உரிமம் கட்டாயம் என்பதை அரசாணை மூலம் அறிவிப்பார்கள். வாங்குவதற்கு முன் உள்ளூர்க் காவல் நிலையத்திலும் கலெக்டர் அலுவலகத்திலும் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. நூறு வருஷம் தாண்டியது என்றால் 1972 தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும், வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. முதல் உலகப்போர்ப் பயனெட்டுகள் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன.

பழைய இரும்பின் பாதையையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தெருத்தெருவாக மூன்று சக்கர வண்டியில் எடுப்பவர், அவரிடமிருந்து காயலான் கடை, அங்கிருந்து லோடு லாரி, பிறகு உலை. பம்பும் மோட்டாரும் வார்க்கும் கோவைப் பவுண்டரிகளுக்கு இரும்பு எவ்வளவு போனாலும் பத்தாது. ஒரு பயனெட் காயலான் கடையில் ஒரு வாரம் கிடந்தால் அதிகம். கடைக்காரரிடம் “அண்ணா, எழுத்து அடிச்ச கத்தி எது வந்தாலும் எனக்கு ஒரு போன் போடுங்க” என்று சொல்லிவைப்பது ஒன்றுதான் வழி. விலைக்கு வாங்காவிட்டாலும் அச்சு எடுத்துக்கொள்ள விடுவார்கள்.

கிடைத்தால் செய்யக்கூடாததும் உண்டு. எமரித் தாள் வேண்டாம், கிரைண்டர் அறவே வேண்டாம். திருப்பூரில் எந்தச் சந்தில் திரும்பினாலும் பப் வீலும் பாலிஷும் இருப்பதால் பளபளவென்று ஆக்கிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். அப்படி ஆக்கினால் முத்திரையின் விளிம்பு மழுங்கி ஆலை எது வருஷம் எது என்று தெரியாமல் போகும். மிஷின் ஆயில் தடவி ஒரு நாள் ஊறவிட்டுப் பழைய பனியன் துணியால் துடைத்தால் போதும். உறை தோலாக இருந்தால் கத்தியை அதற்குள் வைத்துச் சேமிக்கக் கூடாது. தோலில் ஊறிய ஈரமும் பதம் போட்ட மருந்தும் இரும்பைத் தின்னும். தனியாக, மெல்லிய எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள். கூடவே ஒரு சீட்டு: எந்த ஊர், யார் வீடு, என்ன வேலைக்குப் பயன்பட்டது, எந்தத் தேதியில் பார்த்தது. கொப்பரைக் களத்துக் கத்திக்கு என் நோட்டில் முழுப்பக்கம் இருக்கிறது.

கொல்லன் அடித்த பழைய அலகு ஏதாவது, முத்திரையே இல்லாமல், உழும்போதோ கிணறு வெட்டும்போதோ மண்ணிலிருந்து கிடைத்தால் அதை வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டாம். கிடந்த நிலையிலேயே படம் எடுத்து, ஆழத்தை அளந்து, பக்கத்தில் ஓடோ எலும்போ கல்வட்டமோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தாசில்தாருக்கும் தொல்லியல் துறைக்கும் தகவல் சொல்லுங்கள். கொடுமணலுக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் அப்படி ஓர் அலகு எந்த வயலில் கிடக்கிறது என்று தேடித்தான் ஒவ்வொரு கோடையிலும், உழவு தொடங்குமுன், நான் தெரிந்த விவசாயிகளிடமெல்லாம் சொல்லிவைத்துக்கொண்டிருக்கிறேன்.